தாழ்ந்த சுரத்தில் மட்டும்

ஸ்பீக்கரில் பியானோ தனியாக ஒலிக்கிறது. தாழ்ந்த சுரம் ஒன்று வரும்போது மட்டும் அறைக்குள் எதுவோ கிர்ரென்கிறது. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் காலை வெயில் திரைச்சீலையின் விளிம்பில் நிற்கிறது. இரவு வேலை முடிந்து வந்த யுகேந்திரன் கட்டிலில் புரள்கிறான். நேற்று மோட்டார் சைக்கிள் ஓட்டி வரும்போதே அவனுக்குக் கண் அசந்துவிட்டது. இன்றிரவும் அதே மோட்டார்தான். இந்த இசை ஒன்றுதான் அவனைத் தூங்க வைக்கிறது. யாரென்றே தெரியாத அந்த இசையமைப்பாளருக்கு அவன் மனைவி சாந்தினி தினமும் மனத்துக்குள் நன்றி சொல்கிறாள். "பியானோக்காரருக்குப் பல்லு ஆடுது லா," என்கிறான் அவன், கண்ணைத் திறக்காமல். "நீங்க பேசாம படுங்க, நான் கண்டுபிடிக்கிறேன்." ஸ்பீக்கரைச் சமையலறைக்குக் கொண்டுபோனால் அந்தச் சத்தம் இல்லை. அப்படியானால் பழுது ஸ்பீக்கரில் இல்லை, இந்த அறையில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பாக அதிரும் ஒரு சுரம் உண்டு. அதே சுரம் காற்றில் வந்தால் அதுவும் சேர்ந்து நடுங்கும், விரல் வைத்தால் அடங்கும். ஸ்பீக்கரைத் திரும்பக் கொண்டுவந்து, தாழ்ந்த சுரம் வரும் இடத்தையே மறுபடி மறுபடி ஓடவிட்டு, அலமாரிக் கதவில், நிலைக்கண்ணாடியில், மேசை விசிறியின் கூண்டில் விரல் வைக்கிறாள். ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளில் ஒன்றைத் தொட்டதும் சத்தம் நிற்கிறது. சுரம் மட்டும் முழுதாக, மெத்தென்று, அறையெங்கும் பரவுகிறது. "போயிடுச்சா? தேங்க்ஸ் லா, சாந்தி," என்கிறான், பாதியிலேயே குரல் தூக்கத்துக்குள் போகிறது. விரலை எடுக்க அவளுக்குப் பயம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பிஸ்கட் பெட்டியின் அட்டையை மறுகையாலும் பல்லாலும் கிழித்து, மடித்து, தளர்ந்த கண்ணாடிக்கும் அதன் அலுமினியப் பிடிக்கும் இடையில் செருகுகிறாள். இடைவெளியை அட்டை அடைத்துவிட்டதால் கண்ணாடி இனி அதிராது.