சாயத்துக்கு அடியில்

பக்கவாதம் வந்து பேச்சற்றுக் கிடக்கும் கணவரின் தலையில் ஒரு துணித்தொப்பி. அதில் மிளகளவு சிவப்பு விளக்குகள் மினுங்குகின்றன. அந்த ஒளி மண்டைக்குள் புகுந்து மூளையின் அசைவைத் திரையில் ஒரு கோடாகக் காட்ட வேண்டும். மனைவி எத்தனை முறை கூப்பிட்டும் கோடு படுத்தே கிடக்கிறது. பரிசோதனை செய்யும் பெண் தொப்பியை விலக்கிப் பார்க்கிறாள். "தலைக்குச் சாயம் போடுவாராம்மா? அது வெளிச்சத்த உள்ள விடாது." பஞ்சுக்குச்சியால் முடியை வகிர்ந்து, விளக்குகளைத் தோலில் படியவைக்கிறாள். "இப்பப் பேசுங்க." மனைவி காதருகே குனிகிறாள். "ஏங்க, சாயம் போடுறது யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுட்டிருந்தீங்களே, தெருவுக்கே தெரியும்." கோடு ஒரு கணம் தயங்குகிறது, பிறகு விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. "கோபம் வந்துடுச்சு அவருக்கு," என்கிறாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே, பிள்ளை பிறந்த சேதி சொல்பவளைப் போல.