தூங்கிக்கொண்டே விழித்திருந்தவர்

"ராத்திரி முழுக்க கொட்டக் கொட்ட முழிச்சிருக்கேன் டாக்டர்" என்றார் கணக்கு வாத்தியார் தணிகாசலம். வகுப்பில் தூங்கி வழிந்ததற்காக அவருக்கு இரண்டு மெமோ வந்திருந்தன. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

"பொய் டாக்டர். இவர் குறட்டையில பக்கத்து வீட்டுக்காரங்க எழுந்துக்கறாங்க" என்றாள் மனைவி வடிவாம்பாள்.

"தூங்கறேன்தான். ஆனா தூக்கமே வராத மாதிரிதான் தினமும் கனவு வருது."

டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து, இன்னும் வாடிப்போய் வந்தார் தணிகாசலம்.

"முன்னாடி ஆறு மணி நேரம் முழிச்சிருந்தேன். உங்க மாத்திரையைப் போட்டதும் ஒன்பது மணி நேரம் முழிச்சிருக்கேன்."

"அப்போ கனவுலயே ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டியதுதானே?" என்று எரிந்து விழுந்தார் டாக்டர்.

"உங்களைப் பார்க்கத்தான் ராத்திரியெல்லாம் இதே கிளினிக்குல உட்கார்ந்திருக்கேன். அறுபத்து மூணாவது டோக்கன். என் முறை வர்றதுக்குள்ள விடிஞ்சிடுது."

டாக்டர் கதவோரம் நின்ற நர்ஸிடம் திரும்பினார். "இன்னிக்கு ராத்திரி இவரை முதல் ஆளா உள்ள அனுப்பிடும்மா."

நர்ஸ் தயங்கினாள். "மத்த அறுபத்திரண்டு பேரும் சண்டைக்கு வருவாங்களே சார்!"