மூன்றாவது மாடி

மூன்றாவது மாடிக்கு மேல் அவளால் போக முடியவில்லை. அங்கேயே நின்று மெல்ல மூச்சுவிட்டாள். பிறகு ஒவ்வொரு மாடியாக இறங்கத் தொடங்கினாள்.

இத்தனைக்கும் நின்ற இடத்தை விட்டு அவள் ஓர் அடிகூட நகரவில்லை. நகர வழியும் இல்லை. அலுவலக லிஃப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றுபோயிருந்தது. உள்ளே அவள், மேலதிகாரியான மேடம், கணக்குப் பிரிவில் எல்லோரும் ‘வெடி’ என்று கூப்பிடும் மனிதர்.

அவள் ஏறி இறங்கிக்கொண்டிருந்த லிஃப்ட் வேறு.

பிள்ளை பெற்றதிலிருந்து தும்மினால், இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிந்தது. “பெத்தவளுக்கெல்லாம் இருக்கிறதுதான், இதைப் போய் வெளியில சொல்லுவாங்களா?” என்றாள் அம்மா. சொல்லாமல் இருந்து பார்த்தாள். முடியாமல் போனபோது ஒரு பிசியோதெரபிஸ்டைத் தேடிப் போனாள்.

“கத்தியும் வேணாம், ஊசியும் வேணாம். அடியில தாங்குற தசை தளர்ந்திருக்கு, அவ்வளவுதான்” என்றாள் அந்தப் பெண். “உள்ள ஒரு லிஃப்ட் இருக்குன்னு நெனச்சுக்குங்க. கதவை மூடுங்க. முதல் மாடி, ரெண்டாவது மாடின்னு இறுக்கி மேல தூக்குங்க. முடிஞ்ச மாடியில கொஞ்சம் நில்லுங்க, அப்புறம் மெதுவா இறக்குங்க. மூச்சை மட்டும் பிடிக்காதீங்க. நான் யாருக்கு இதைச் சொன்னாலும் முதல்ல சிரிப்பாங்க. ஆனா எங்க வேணா செய்யலாம், பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூடத் தெரியாது.”

இப்போது பக்கத்தில் நிற்பவர் மேடம்.

மேடம் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெரிய ஜன்னல் வைத்த அறையை விட்டுவிட்டு, பாத்ரூமுக்கு எதிரே இருக்கும் சின்ன அறைக்குச் சமீபத்தில்தான் மாறியிருந்தார். யார் யார் சீட்டை விட்டு எழுந்து போகிறார்கள் என்று காவல் காக்கத்தான் என்று ஆபீஸே பேசியது. அதிகம் எழுந்து போனவள் இவள்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேடம் வேண்டாம் என்றால் அதோடு சரி.

இன்று பாத்ரூமுக்கு என்று எழுந்தபோதுதான் மேடம் எதிரே வந்து நின்றார். “நீங்க அடிக்கடி எழுந்து போறதைப் பத்திக் கொஞ்சம் பேசணும். மேல மீட்டிங் ரூமுக்கு வாங்க.” போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. லிஃப்டில் ஏறிவிட்டாள்.

சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. வாட்ச்மேனின் குரல். “உள்ள யாரு? எந்த மாடியில இருக்கீங்க?”

“மூணாவது!” என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

“ஏம்மா, அஞ்சைத் தாண்டித் தொங்கிக்கிட்டு இருக்கோம்” என்றார் வெடி. “நீ மட்டும் எங்களுக்குத் தெரியாம கீழ இறங்கிட்டியா?”

மேடம் மெல்லத் திரும்பினார். அவள் முகத்தை, அடிவயிற்றின்மேல் அழுந்தியிருந்த கைப்பையை, ஒட்டி நின்ற பாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சீட்டிலும் தங்காதவள், புத்தியிலும் நிதானம் இல்லாதவள் என்று முடிவு கட்டிவிட்டார் போல என நினைத்துக்கொண்டாள்.

கதவை மூடினாள். முதல் மாடி. இரண்டாவது மாடி.

“ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது. நம்ம இன்கிரிமென்ட் மாதிரியே இருக்கு” என்றார் வெடி.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேடம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெடிக்கு மௌனம் ஆகாது. “வீட்டுக்காரிக்கு இப்பத்தான் மெசேஜ் போட்டேன், லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்னு. யார் கூடன்னு கேட்டா. ரெண்டு லேடீஸ் கூடன்னேன். என்ன பதில் வந்துச்சு தெரியுமா? ‘ஐயோ, அந்த ரெண்டு பேரும் பாவம்’னு!”

சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. மூன்றாவது மாடியில் நின்ற உள் லிஃப்ட் ஆட்டம் கண்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இன்னும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். எல்லாம் இந்த இருவர் முன்னால் நடந்து முடிந்துவிடும்.

“வாயை மூடுறீங்களா!”

மேடத்தின் குரல்தான். கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றியிருந்தார். ஒரு கால் மற்றொன்றின் மேல் பின்னியிருந்தது. இவ்வளவு கோபக்காரரிடம் இனி என்ன சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி மேலே ஏறியது. ஆறாவது மாடியில் கதவு திறந்தது. “உயிர் தப்பிச்சேன்டா சாமி” என்று வெடி படிக்கட்டைப் பார்த்து ஓடினார்.

பெண்கள் இருவரும் உடனே நகரவில்லை. பிறகு அவள்தான் முதலில், அடிமேல் அடி வைத்து, வெளியே வந்தாள். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மேடமும் அதே நடையில் பின்னால் வந்தார்.

“மேடம்” என்றாள் அவள். “நான் எழுந்து போறது வேணும்னு இல்ல. தயவு செஞ்சு இதுக்காக வேலையை விட்டு எடுத்துடாதீங்க.”

மேடம் நடைவழியின் இரு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உங்களுக்கு மூணாவது வரைக்கும் வருதா? எனக்கு ரெண்டையே தாண்ட மாட்டேங்குது.”