கூடைக்கு இடமில்லை

ஊரடங்கில் பஸ் நின்றுபோன பிறகும் கண்டக்டர் ஞானதுரை தினமும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்வார். மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி அங்கேயே அகப்பட்டுக்கொண்டதில், வீட்டில் அவர் ஒருவர்தான். தோல்பையை மாட்டி, அடுப்படியில் நின்று இரண்டு விசில் கொடுத்தால் வண்டி புறப்பட்டுவிடும். "உள்ள போங்க, நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு" என்று காலி நாற்காலிகளை அதட்டியபடியே வாசல்வரை போய்த் திரும்புவார். காலைப்பொழுது அப்படிக் கழியும். அன்றைக்குப் படுக்கையறைச் சுவரருகே நிறுத்துவதற்கு ஒரு விசில் ஊதியபோது, அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "அண்ணாச்சி, வண்டி மார்க்கெட் போவுமா?" பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் மீன்காரி பிலோமி. குரலில் சிரிப்பு இருந்தது. "கூடை ஒண்ணு இருக்கு. ஏத்திக்கிடுவியளா?" அவர் யோசிக்கவே இல்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் நாக்கு முந்திக்கொண்டது. "மீன் கூடைக்கெல்லாம் எடம் கெடையாது. அடுத்த வண்டில வா." கையோடு இரண்டு விசிலும் கொடுத்துவிட்டார். வாசலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது. மறுநாள் அதே சுவரருகே வண்டியை நிறுத்தினார். "கூடையோடயே ஏறும்மா. லக்கேஜ் டிக்கெட்டெல்லாம் போட மாட்டேன்." அந்தப் பக்கம் குழாயைத் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது. வெயில் ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து யாராவது, "எவ்வளவு நேரம்யா நிப்பாட்டுவ" என்று சத்தம் போட்டால்கூட நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. விசிலை உதட்டில் கவ்வியபடி நின்றார். ஊதவில்லை.