அரை மணிக் கெடு

மூன்றாவது நாளும் அத்தான் அதையேதான் செய்தார்.

ஷெட்டில் அலமாரிக் கதவுக்குக் கடைசிப் பூச்சு அடித்து முடித்தார். பெயிண்ட் மிச்சமிருந்த ஸ்ப்ரே கன்னை அப்படியே கொக்கியில் மாட்டினார். மாஸ்க்கைக் கழற்றினார். குழாயடியில் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டார்.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த மைத்துனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கன்னைக் கழுவினீங்களா?" உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

"கொஞ்சம் நீயே பாத்துடேன்."

"நல்லா இருக்கு! ஹார்டனர் கலந்த பெயிண்ட்டுங்க அது. அரை மணி நேரம் விட்டா உள்ளேயே கல்லாயிடும். அப்புறம் குப்பையிலதான் போடணும். உங்களுக்கு யாரு பெயிண்டர்னு பேர் வெச்சது?"

அத்தான் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அக்கா மாஸ்க்கும் கையுறையும் மாட்டிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினாள். தங்கையும் பின்னாலேயே போனாள்.

அக்காவுக்குப் பிறந்த குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டது. ஐந்து மாதம் ஆகிறது. புது வேலை, லீவு கிடைக்காமல் தங்கை இப்போதுதான் வர முடிந்தது. வந்து பார்த்தால், உடம்பு தேறாத அக்காவைத் தின்னர் நாற்றத்தில் நிறுத்திவிட்டு இந்த மனிதர் பேப்பர் படிக்கிறார்!

"தள்ளுக்கா, நான் செய்யறேன்." தங்கை ஒரு சேஃப்டி பின்னை எடுத்து கன்னின் மூக்குக்குள் விடப் போனாள்.

"ஐயோ, குத்தாதேடி!" அக்கா பிடுங்கிக்கொண்டாள். "துளையில ஒரு கீறல் விழுந்தாலும் பெயிண்ட் கோணலாத்தான் பீச்சும்."

"அப்ப தின்னர்ல முழுசா ஊறப் போட்டுடு."

"போடலாம். உள்ள இருக்கற வாஷரெல்லாம் உப்பிப் போயிடும். நீ பேசாம பாரு."

தங்கை பார்த்தாள்.

மிச்சப் பெயிண்ட்டை டப்பாவில் ஊற்றிவிட்டு, கன்னின் கோப்பையில் கொஞ்சம் தின்னர் விட்டுக் குலுக்கிப் பழைய துணிமேல் பீச்சினாள் அக்கா. முதலில் வெள்ளை, பிறகு பால் கலந்த தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர் நிறம். காற்றை நிறுத்தினாள். முன்மூடியைத் திருகி எடுத்தாள். பின்பக்கத்திலிருந்து நீண்ட ஊசியை உருவினாள். அதற்கப்புறம்தான் துளையுள்ள அந்த மூக்கு, நாசில். ஒவ்வொன்றையும் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, வந்த வரிசையிலேயே துணியில் அடுக்கினாள். நாசிலை வெளிச்சத்தில் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். திருப்தியில்லை. மறுபடி தேய்த்தாள்.

போனில் "ம்", "சரி" தவிர எதுவும் பேசாத அக்காவா இது? அந்த விரல்களில் ஒரு நடுக்கமில்லை.

ஊசியின் கழுத்தில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். எல்லாம் திரும்பக் கூடியது. அக்கா கடைசியாக அட்டையில் ஒரு தரம் பீச்சிக் காட்டினாள். சோப்புக்கட்டி மாதிரி நீள்வட்டம், ஒரு பக்கமும் இழுக்காமல்.

"எங்கேக்கா கத்துக்கிட்ட?"

"கலர் கலக்கறதும் கன் கழுவறதும் எப்பவும் நான்தான்டி. வயித்துல இருந்தப்போ இந்த வாசனை ஆகாதுன்னு விட்டிருந்தேன்."

"இப்ப மட்டும் ஆகுமா? பெட்டியைக் கட்டு. நாளைக்குக் காலையில என்னோட வர்ற."

"வந்துட்டா? இதை யாரு பாத்துப்பா?" கன்னைத் துடைத்தபடியே கேட்டாள் அக்கா.

இப்படி ஒருத்தியை நம்பித்தானே அவர் கால் நீட்டிப் படிக்கிறார் என்று தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வண்டி ரத்து. அடுத்தது மாலையில்தான். மதியம் கடைசிக் கதவு முடிந்ததும், அத்தான் வழக்கம்போல் கன்னை மாட்டிவிட்டுத் திரும்பினார். ஷெட் வாசலில் மைத்துனி. அக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நகருங்க அத்தான். இன்னிக்கு நான் கழுவறேன்." கன்னைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"தொடாதம்மா!"

அத்தான் சத்தம் போட்டு அவள் கேட்டதே இல்லை.

"ஏன்? அக்கா வந்துதான் கழுவணுமா? வெட்கமா இல்லையா உங்களுக்கு? சாயங்காலம் கூட்டிட்டுப் போறேன். திருப்பி அனுப்பறதா இல்லை."

அத்தான் மாடியைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"கூட்டிட்டுப் போம்மா. அங்கே அவ நடமாடினா எனக்குச் சந்தோஷம்தான்."

"நடமாடினாவா?"

"ரெண்டு மாசம் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தா. நான் கூப்பிட்டேன், டாக்டர் கூப்பிட்டாரு, உங்கம்மா வந்து அழுதாங்க. திரும்பல. ஒருநாள் ஏதோ யோசனையில கன்னைக் கழுவாம வந்து அவ பக்கத்துல உக்காந்துட்டேன். கையெல்லாம் பெயிண்ட் வாசனை. 'கழுவினீங்களா'ன்னா. ரெண்டு மாசத்துல அவ பேசின முதல் பேச்சு. இல்லைன்னேன். எந்திரிச்சு வந்தா. என்னைத் திட்டிக்கிட்டே கழுவி முடிச்சா. அப்புறம், 'பசிக்குது'ன்னா."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. "ஏங்க! இன்னிக்கும் அப்படியேதானா?"

தங்கை பெயிண்ட்டோடு கன்னைச் சத்தமில்லாமல் கொக்கியில் மாட்டினாள்.

"அன்னிக்கு நிஜமாவே மறந்துட்டேன்மா," என்றார் அத்தான், பின்வாசலில் நழுவியபடி. "அதுக்கப்புறம், கழுவாம விட ஒருநாளும் மறந்ததில்லை."