மேபலுக்காக ஒரு பூட்டு

சட்டைப் பைக்கு மேலே சிவப்பு நூலில் ‘ஹார்லன்’ என்று தைத்திருந்தது. வெர்னா அதை இரண்டு முறை படித்தாள். மூன்று கோடையாக அவள் வயிற்றில் நெருப்பாகக் கிடந்த பெயர் அது.

“சொல்லுங்கம்மா, வண்டிக்கு என்ன?” என்றான் மெக்கானிக், தோளிலிருந்து நழுவிய சட்டையை மேலே இழுத்துவிட்டபடி.

“ஏசி ஓடல தம்பி. இந்த வெயில்ல என் நாய் பிக்கிள் தாங்காது.”

ஏசி ஓடாததற்குக் காரணம் வெர்னாவேதான். ஊர் எல்லையில் நிறுத்தி, ஒரு வயரைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தாள். வண்டிக்குப் பின்னால் இழுத்துவரும் டிரெய்லர்தான் அவளுக்கு வீடு. எதைக் கழற்றினால் எது நிற்கும் என்பது அதிலேயே குடியிருப்பவளுக்குத் தெரியாதா?

மெக்கானிக் முதலில் ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து நாயின் முன் வைத்தான். “நீங்க குடிங்க பெரியவரே, நான் வேலையப் பாக்குறேன்” என்று அதன் தலையைத் தடவினான். பிக்கிள் வெட்கமில்லாமல் வாலை ஆட்டியது. வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பட்டறையின் கரண்டை டிரெய்லருக்குக் கொடுத்துவிட்டு அவன் உள்ளே ஏறினான். கொஞ்ச நேரத்தில் ஏசி உறுமத் தொடங்கியது.

“ஒரு வயருதாம்மா கழண்டிருக்கு! கதவச் சாத்திக்கிறேன், குளிர் புடிக்குதான்னு பாக்கணும்.”

அவன் சாத்தினான். அவள் வெளியே பூட்டைப் போட்டாள்.

நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்த ஆறடிப் பெரியவர் எழுந்து வந்தார். தொப்பியும் தொந்தியுமாக, பொழுது போகாமல் பட்டறைகளில் உட்கார்ந்திருக்கும் ரகம். “என்னம்மா இது, ஆளை உள்ள வச்சுப் பூட்டுறீங்க?”

“என் மேபலை இவன் இப்படித்தான் பூட்டி வச்சான்.”

அவருக்குச் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஊர். அச்சு முறிந்த டிரெய்லரை இந்தப் பட்டறையில் விட்ட அன்றைக்கே அவளுக்குக் குடல்வால் வெடித்தது. ஆஸ்பத்திரியில் பூனையைச் சேர்க்க மாட்டார்கள், ஓட்டலிலும் சேர்க்க மாட்டார்கள். மேபலை டிரெய்லரிலேயே விட்டுப் போனாள். ‘ஏசி போட்டிருக்கேன், உங்க பூனை ராணி மாதிரி இருக்கு’ என்று மெசேஜ் அனுப்பினான் ஹார்லன். அனுப்பிவிட்டு கரண்டைப் பிடுங்கிப்போட்டு மீன் பிடிக்கப் போய்விட்டான். அவள் திரும்பி வந்தபோது கடையில் யாரோ ஒரு பெண் மேபலின் உடல் இருந்த அட்டைப்பெட்டியை நீட்டினாள். வண்டியை விட்ட நாளிலும் சரி, அன்றைக்கும் சரி, ஹார்லன் முகத்தைக் காட்டவே இல்லை.

“கதவு பூரா நகக்கீறல். இன்னும் இருக்கு, உள்பக்கம் பாருங்க. ஒரு பூனைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்னு அவனும் தெரிஞ்சுக்கட்டும்.”

பெரியவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். “செஞ்சது மகா பாவம்” என்றார் மெல்ல. “ஆனா ஏசி ஓடுற வரைக்கும் அவனுக்கு என்ன உறைக்கும்?”

அடுக்கிவைத்த பழைய டயர்களுக்குப் பின்னால் கையை விட்டு, எட்டிக்கூடப் பார்க்காமல், பிளக்கைப் பிடுங்கினார். உறுமல் நின்றது. ஜூலை மாத அரிசோனா வெயில் தகரக் கூரையின் மேல் ஏறி உட்கார்ந்தது.

முதலில் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. பிறகு வேகமாக.

“அம்மா! கரண்ட் போயிருச்சு, கதவு வேற மாட்டிக்கிச்சு!”

“மாட்டல, பூட்டியிருக்கேன். மேபலை ஞாபகம் இருக்கா ஹார்லன்?”

“யாரும்மா மேபல்? நான் ஹார்லன் இல்லம்மா! கடைய வாங்கியே ஆறு மாசந்தான் ஆகுது. சட்டைகூடக் கடையோட வந்ததும்மா!”

பெரியவர் அவள் காதருகே குனிந்தார். “மாட்டிக்கிட்டவன் வேற என்ன சொல்லுவான்?”

நியாயமாகத்தான் பட்டது. வெர்னா அசையவில்லை. அவசர ஜன்னலை உள்ளே இருப்பவன் உலுக்கிப் பார்த்தான். அது போன மழையில் ஒழுகியபோது அவளே பசை போட்டு அடைத்தது, லேசில் திறக்காது.

நேரம் போகப் போகத் தட்டல் தளர்ந்தது. “தண்ணியாவது குடுங்கம்மா” என்ற குரலும் அடைத்துப்போயிருந்தது. மூன்று வருஷமாகக் கேட்க ஏங்கிய சத்தம்தான். கேட்டபோது இனிக்கத்தான் செய்தது, அதை மறைப்பானேன்.

பிக்கிள்தான் கெடுத்தது. கிண்ணத்தை விட்டுவிட்டுப் போய்க் கதவைப் பிறாண்டத் தொடங்கியது. இந்தப் பக்கம் நாயின் நகம், அந்தப் பக்கம் மனிதனின் நகம். வெர்னாவால் நிற்க முடியவில்லை. மேபலும் இப்படித்தானே யாராவது வருவார்கள் என்று பிறாண்டியிருப்பாள்! அவள் கை தானாகச் சாவிக்குப் போனது.

பெரியவர் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அதுவரை குசுகுசுத்தவர் இப்போது கத்தியேவிட்டார். “திறக்காதீங்க! அவன் நடிக்கிறான்!”

உள்ளே தட்டல் நின்றது. பிறகு, உயிர் திரும்பி வந்ததுபோல அந்தக் குரல் கேட்டது.

“ஹார்லன் அண்ணே, நீங்க வெளியதான் இருக்கீங்களா? கதவத் திறங்கண்ணே!”