உச்சிப்பாறை நிழல்

எந்த மலையானாலும் கடைசியாக ஏறி வருகிறவன் அருளப்பன்தான். அவன் மூச்சிரைக்க உச்சியைத் தொட்டதும், நிழலில் இளைப்பாறி முடித்திருக்கும் நண்பர்கள் மூவரும் "வந்துட்டாம்லே, கெளம்புவோம்" என்று எழுந்துவிடுவார்கள். எந்த உச்சியிலும் அவன் உட்கார்ந்ததில்லை.

இன்று அவர்கள் குறுக்குவழி என்று புதருக்குள் நுழைந்து வழிதவறிப் போனார்கள். அருளப்பன் நேர்வழியில் மெல்ல ஏறி, உச்சிப்பாறையின் நிழலில் சாய்ந்து கண்மூடிக் கிடந்தான். வெகுநேரம் கழித்து, முள் கிழித்த கால்களோடு மூவரும் வந்து விழுந்தார்கள்.

"கெளம்புவோம்னு மட்டும் சொல்லிராதலே" என்று கெஞ்சினான் சுடலை.

"உக்காருங்கலே. இன்னும் ஒருத்தன் வரணும்."

"நாம நாலு பேருதானலே?"

அருளப்பன் சற்று நகர்ந்து உட்கார்ந்தான். பக்கத்தில் ஓராள் உட்காரும் அளவுக்கு நிழலை ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த மலையிலும் கடைசியாக மூச்சிரைக்க வருகிறவனுக்காக, தான் ஏறிவந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.